சிவப்புக் காந்தம்

நிலாவெளி வீதி வளாகத்தில்
பரீட்சைக் கிளைக்கு ஒரு வெள்ளைப் பலகை வந்தது.
பச்சை: முடிந்தது. மஞ்சள்: நடக்கிறது.
சிவப்பு: கேட்காதீர்கள்.

ஸ்டேப்ளரைச் சுற்றியும் நாடா ஒட்டினார்கள்,
எடுத்தால் இடமே காட்டிக்கொடுக்கும்.

'யோசனைகள்' கட்டத்தில் முதல் ஆளாய்
றிஸ்மினா எழுதினாள்:
பதிவேட்டு அறைக்கு ஒரு மின்விசிறி.
பக்கத்தில் சிவப்புக் காந்தம் ஏறியது.
கச்சான் அடித்து ஓய்ந்து, வாடை வந்து,
உப்புக்காற்றில் காந்தம் துருப்பிடித்துப்
பலகையில் கறையாய் ஊறியது.

கணக்காய்வுக்கு முதல்நாள்
பச்சை வைக்கச் சொன்னார் உதவிப் பதிவாளர்.
தவயோகன் சிவப்பைப் பிடுங்கினான்.
துருவட்டம் போகவில்லை,
தின்னர் போட்டும்.

வந்தவர்கள் கேட்டார்கள்:
இது எந்த நிறம்?

றிஸ்மினா கழுத்து வியர்வையை ஒற்றிக்கொண்டு
பதிவேட்டு அறைக் கதவைத் திறந்தாள்.
"உள்ளுக்கு வாங்க சேர்,
கொஞ்ச நேரம் இருந்து பாருங்க."