ஹ்ரூஸ்கா டயர் கடை, நெடுஞ்சாலை முப்பது

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய வியாழன்.
நீளக் கழியின் நுனியில் ரப்பர் உறிஞ்சி.
ஒவ்வோர் எழுத்தாகக் கவ்வித் தூக்கி
நான்தான் பலகையில் மாட்டினேன்.
மேல்வரி: அவர் இங்கே இல்லை.
நடுவரி: உயிர்த்தெழுந்தார்.
கீழ்வரி: நான்கு டயர், மூன்றின் விலைக்கு.

ட்வேனின் அப்பா காலத்திலிருந்து இதே வாசகம்,
தள்ளுபடி மட்டும் மாறும்.
பேட்டரிக்குக் கழிவு கொடுத்த வருடம்
லிங்கன் நகரத்துக்காரி ஒருத்தி காரை நிறுத்திக் கேட்டாள்:
கடவுளும் பேட்டரியும் ஒரே கம்பத்திலா?
ட்வேன் கை துடைத்தபடி சொன்னார்:
எங்களிடம் இருப்பது ஒரு கம்பம்தானே, அம்மா.
அவள் பேட்டரி வாங்காமல் போனாள்.
அன்று மாலை அவர் கணக்குப் புத்தகத்தை
இரண்டு முறை கூட்டிப் பார்த்தார்.

இந்த வருடம் அவர் கியர்னி மருத்துவமனையில்.
நெஞ்சைத் திறந்து, மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டு,
மூடியிருக்கிறார்கள்.

சனி இரவு பிளாட் ஆற்றுப் பக்கமிருந்து காற்று.
மணல்திட்டில் நின்ற கொக்குகள்
கழுத்தை உடம்புக்குள் இழுத்துக்கொண்ட காற்று.
நடுவரியை மட்டும் உருவி எறிந்துவிட்டது.

காலையில் தேவாலயம் போன ஊர் படித்தது:
அவர் இங்கே இல்லை.
நான்கு டயர், மூன்றின் விலைக்கு.

பதினோரு மணிக்குள் கடை வாசலில்
ஏழு பாத்திரம் நூடுல்ஸ் கேசரோல்,
இரண்டு தட்டு கொலாச்சி,
ஒரு தொட்டி லில்லி.
யாரோ மார்லீனைக் கட்டிப்பிடித்து அழ,
அவள் பாவம், விழித்திருக்கிறாள்:
மனுஷன் ஜெல்லி வேண்டாமென்று
இப்போதுதானே நர்ஸைத் திட்டினார்!

அப்திகானியைக் கூப்பிட்டேன்.
நோன்பின் இருபத்தோராம் நாள்;
தண்ணீர்கூடக் குடிக்காமல் ஏணியோடு வந்தான்.
சாக்கடை ஓரம், சோளத் தாள், கம்பிவேலி என்று
குனிந்து குனிந்து பொறுக்கினோம்.
எல்லாம் கிடைத்தது, ஒரு 'ர்' தவிர.

அவன் சற்று நேரம் அண்ணாந்து பார்த்தான்.
பிறகு டயரிலிருந்து 'ர்' கழற்றி
உயிரில் மாட்டினான்.

ஒரு பிக்கப் வேகம் குறைத்தது.
யார் உன்னை அங்கே ஏறச் சொன்னது?
அக்குளில் 'தெ' இருந்ததால் அவன் திரும்பவில்லை.
நான்தான், என்றேன்.
என் குரல் எனக்கே சற்று உரக்கக் கேட்டது.
பிக்கப் போய்விட்டது.

இறங்கியபின் சொன்னான்:
எங்கள் கணக்கில் அவர் சாகவே இல்லை, லோர்னா.
நேரே மேலே எடுத்துக்கொள்ளப்பட்டார்.
அதற்காகப் பலகையை
அரைகுறையாக விட முடியுமா?

கட்டிலிலிருந்து ட்வேன் போனில் சொன்னார்:
அடுத்த வாரம் அவனுடைய பெருநாளாமே,
அதையும் போடு. நல்ல பெரிய எழுத்தாக.

அப்திகானி வேண்டாமென்றான்.
நீங்கள் எழுதிவிட்டுப் போவீர்கள்,
அதன் கீழே நின்று நாளெல்லாம்
பதில் சொல்லப்போவது நான்.
எனக்குப் புதன்கிழமை கொடு, போதும்.

நட்டு கழற்றும் இருவரில்
ஒருவர் படுக்கையில், ஒருவன் தொழுகையில்.
பலகையில் மூன்று வரியையும் இறக்கிவிட்டுப் போட்டேன்:
புதன் விடுமுறை.

மதியம் இர்மா கூபிசெக்கின் போன்.
இப்போது யார் செத்தது?

யாரும் சாகவில்லை, இர்மா.
அப்திகானி வீட்டில் பண்டிகை.

நீண்ட மௌனம்.
பின்னால் அவள் அடுப்பு மணி அடித்தது.
அப்படியா, என்றாள். அந்தப் பையன்
நூடுல்ஸ் சாப்பிடுவானா?

பன்றி இறைச்சி போடாதே, என்றேன்.

அது இல்லாமல் என்ன ருசி இருக்கும், என்று
முணுமுணுத்துக்கொண்டே
எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள்.