ஆம்

ஸொங்குல்டாக்கில் மழை. சமையலறை மேசையில்
முப்பத்தொரு கட்டுரைகள், ஆறிய தேநீர்.

எங்கள் மொழியில் கண்டதற்கு ஒரு வால்,
கேள்விப்பட்டதற்கு வேறு வால்.
ஏழாம் வகுப்பில் யாரும் இதில் பிசகுவதில்லை.

செஹ்ரிபான் எழுதியிருக்கிறாள்:
"அப்பா மூன்று கட்டி சர்க்கரை போட்டார்.
பூட்ஸுக்குள் செய்தித்தாள் திணித்தார்.
விளக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச்
சுரங்கத்தில் இறங்கினார்."

போட்டாராம். திணித்தாராம். இறங்கினாராம்.
சிவப்பில் மூன்று வட்டம்.
அன்றைக்கு இவள் வயிற்றில் இருந்தாள், ஊருக்கே தெரியும்.
அரை அரை மதிப்பெண்ணாகக் கழித்துக்கொண்டே வந்தவன்
கடைசி வரியில் நின்றேன்:

"பதினெட்டாம் நாள் நான் பிறந்தேனாம்."

இலக்கணம் சுத்தம்.

சிவப்பு மை ரப்பருக்கு மசியாது.
மகனின் பையைத் துழாவுகிறேன்.
வெள்ளை மைப் புட்டி
காய்ந்து கிடக்கிறது.