அரைத் திருகு

இருபத்து மூன்றாவது தண்டாலில்
வலது மணிக்கட்டுக்குள் ஏதோ
நனைந்த நூல்போல் இழுபட்டது.
சத்தமில்லை.
மேல்வீட்டில் யாரோ நாற்காலி நகர்த்தினார்கள்,
அவ்வளவுதான்.

ஏழு மாதம் ஆகிறது.

பலதுறை மருந்தகத்தில் நூருல் ஹிதாயா
என் கட்டைவிரலை உள்ளே மடக்கி, கையைச் சாய்த்து
"பத்துக்கு எத்தனை?" என்பாள்.
மூன்று என்பேன்.
ஒவ்வொரு முறையும் மூன்று.
கணக்குப் பிரிவில் பத்தொன்பது ஆண்டு இருப்பவள்
ஒரு வலியின் தொகையைத் திருத்திச் சொல்கிறேன்.
அவள் என் புருவத்தைப் பார்த்துவிட்டு
ஆறு என்று குறித்துக்கொள்கிறாள்.

தசைநாண் என்கிறது தமிழ்.
வில்லில் பூட்டுவதும் நாண்.
வெளியே சொல்லக் கூசுவதும் நாண்.
எனக்கு இரண்டாவதுதான் முதலில் வீங்கியது.

மகன் தெக்கோங்குக்குப் படகேறிய வாரம்
நானும் தொடங்கினேன்,
கூடத்துத் தரையில், விளக்கைப் போடாமல்.
செய்தியில் எண் மட்டும் அனுப்புவான் அவன்:
முப்பத்தொன்று. முப்பத்தெட்டு.
சாப்பிட்டாயா என்று கேட்டால்
ஒரு மஞ்சள் கட்டைவிரல்.
நாற்பத்தாறு வயதில்
அந்த எண்களைத் துரத்திக்கொண்டு போனேன் என்பதைவிட
மீன் வெட்டும்போது சுளுக்கிவிட்டது என்பது
எளிதாக இருந்தது.
"என்ன மீனும்மா, சுறாவா?" என்றான்
வாசலில் பூட்ஸ் நாடாவை அவிழ்த்தபடி.

எனக்குத் தெரியாமல்
எத்தனை வேலை செய்துவந்திருக்கிறது இந்தக் கை.
கேட்டுப் பூட்டில் சாவி.
தரை துடைக்கும் துணியை முறுக்குவது.
ஈரத்துணி கோத்த மூங்கில் கழியை
மூன்றாம் மாடி ஜன்னலுக்கு வெளியே நீட்டி
குழாய்க்குள் செருகுவது.
இப்போது துணியெல்லாம் நாற்காலி முதுகில் காய்கின்றன.
காய்கின்றன என்று சொல்லக் கூடாது.
நாற்றம் அடிக்கின்றன.

ஒரு ஞாயிறு, அவன் முகாமுக்குத் திரும்பிய பிறகு
சீனிப் புட்டியைத் தூக்கினேன்.
மூடி மட்டும் கையோடு வந்தது.
தரையெல்லாம் சீனி.
அப்புறம்தான் மற்றதைத் தொட்டுப் பார்த்தேன்:
மிளகு, கடுகு, உப்பு, எலுமிச்சை ஊறுகாய்,
எல்லாவற்றையும் அரைத் திருகு தளர்த்திவிட்டுப் போயிருக்கிறான்.
என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.
மூன்றாம் நாள் உப்பு கசிந்தது,
இந்த ஊர்க் காற்றுக்கு அந்த இடைவெளி போதும்.
எறும்புக்கு அவ்வளவுகூட வேண்டாம்.
இடக்கையால் துடைத்தேன், திட்டிக்கொண்டே.
ஒன்றையும் இறுக்கி மூடவில்லை.

ஹிதாயாவின் பயிற்சி இது:
கெட்டிப்பால் டின்னை வலக்கையில் பிடி.
மேலே கொண்டுபோக இடக்கை உதவலாம்.
பிறகு இடக்கையை எடுத்துவிடு.
நான்கு எண்ணி, தனியாக, இறக்கு.
தூக்குவதில் ஒன்றும் ஆறாதாம்,
இறக்குவதில்தான்.

காலை பதினைந்து. இரவு பதினைந்து.
வெளியே புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டி
எங்கள் புளோக்கை உரசுவதுபோல் வளையும்போது
அதன் கண்ணாடி தானாகப் பால்போல் மங்கிவிடும்,
உள்ளே இருப்பவர்கள் எங்கள் வீடுகளைப் பார்க்காதபடி.
டின்னோடு நிற்கும் என்னைத் தாண்டி
கண்ணை மூடிக்கொண்டு போகிறது ரயில்.
நான்கு பெட்டி எண்ணுவதற்குள்
இரண்டோடு முடிந்துவிடுகிறது.
மீதி இரண்டை வெறும் தண்டவாளத்தில் எண்ணுகிறேன்.

போன மாதம் மூன்று என்றபோது
ஹிதாயாவும் மூன்று என்றே எழுதினாள்.
நானே எட்டிப் பார்த்தேன்.

வியாழக்கிழமை
ஊறுகாய்ப் புட்டியை எடுத்து
முழுதாகத் திருகி மூடினேன்.
பத்துக்கு நான்கு.
திருத்தாத நான்கு.

வெள்ளி இரவு, தட்டில் தயிர்ச்சோறு ஆற
அவன் புட்டியை வயிற்றோடு அணைத்து முனகினான்.
"யாரும்மா இதை இப்படி முறுக்கினது?"

சுறா, என்றேன்.