வெள்ளிக்கிழமை நகம்

வெள்ளிக்கிழமை நகம் வெட்டக்கூடாது என்று
நான்தான் அப்பாவின் கையிலிருந்து நகவெட்டியைப் பிடுங்கி
இழுப்பறையில் போட்டேன்.
"நாளைக்கு வெட்டிக்குங்க."

அன்றிரவு பத்தேகாலுக்கு
பூன் லேயில், எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில்,
பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால்
அவரைக் கண்டார்கள்.
வெட்டாத பத்து நகங்களையும்
வேறு யாரோ வெட்டினார்கள்.
பழுப்பு உறை. முத்திரை. ஓர் எண்.

அந்தக் காலத்து இயந்திரத்துக்கு
நகக்கண்ணில் இருந்தது போதவில்லையாம்.
"முடிவு கூற இயலாது."
அந்த ஒரு வரியைத் தாண்டிப் போனது வழக்கு.
கடன் பாக்கி, கேமராவில் ஒரு நீலச்சட்டை,
இரண்டாம் நாள் விடியலில் வாங்கிய வாக்குமூலம்.
லோகேந்திரனுக்கு ஆயுள். பிரம்படியும்.

தீர்ப்பு நாளில் நான் அழவில்லை.
லக்ஸா சாப்பிட்டேன், முழுக் கிண்ணம்.
பதினான்கு வருடம் அவனை வெறுத்தேன்,
பல் துலக்குவதுபோல,
ஒரு நாளும் தவறாமல்.

போன மாதம் அவன் அக்கா சுசீலா வந்தாள்,
வேலைக்குப் போட்ட துப்புரவுச் சீருடையோடு.
இப்போது ஒரு துளி போதுமாம்,
துளியில் பாதிகூடப் போதுமாம்.
கேட்டிருக்கிறார்கள். பதில் வந்திருக்கிறது:
மேல்முறையீடு முடிந்தது.
முடிந்தபின் சோதிக்க யாருக்கும் கடமையில்லை.
உறை இன்னும் இருக்கிறது.
எத்தனை நாளைக்கு என்று கடிதத்தில் இல்லை.

திட்டத்தான் வாயெடுத்தேன்.
"அது எங்க பொருள் இல்லீங்க" என்றாள்.
"உங்க அப்பாவோடது."

அதற்குப் பிறகு லிஃப்டில் நான்
பொத்தான்களைப் பார்ப்பதில்லை.
கைகளைப் பார்க்கிறேன்.
ஏழாம் மாடிக்காரர் மணிக்கட்டில் பழைய கீறல்.
பூனையாக இருக்கும்.
பூனைதான்.

சட்டத்தைத் திருத்தப் போகிறார்களாம்.
கருத்துச் சொல்லலாம், இரண்டாயிரம் எழுத்துக்குள்.
கொலை தமிழில் இரண்டெழுத்து;
அந்தப் பெட்டி நான்கு என்று எண்ணுகிறது.

எழுதினேன்:
அவன் நிரபராதி என்று நான் சொல்லவில்லை.
அவன்தான் என்றால் அதையும் நகமே சொல்லட்டும்.
கேட்கும் உரிமையை அவனுக்குக் கொடுங்கள்,
கையோடு எனக்கும் கொடுங்கள்.
உறையை அழிக்குமுன்
எங்களில் ஒருவரையாவது கூப்பிட்டுச் சொல்லுங்கள்.
அப்பாவும் நானும் நகமும் சதையும் என்பார்கள்.
சதையை மண்டாயில் எரித்தாயிற்று.
நகம் உங்களிடம் இருக்கிறது.

கடைசியில் ஒரு கேள்வி: நீங்கள் யார்?
தண்டனை பெற்றவர்.
அவர் குடும்பத்தார்.
வழக்கறிஞர்.
மற்றவர்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
மற்றவரை அழுத்தினேன்.

மணி பன்னிரண்டைத் தாண்டி
வெள்ளி பிறந்திருந்தது.
என் நகங்கள் நன்றாக வளர்ந்திருக்கின்றன.
இருக்கட்டும்.