நீலப் பெட்டி

ஜூன் ஒன்று, பருவம் தொடங்கிவிட்டது என்று
ரேடியோக்காரன் சொல்வதற்கு முன்பே
டெல்மர் பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டான்.
நீல பிளாஸ்டிக். மூடியில் விரிசல்.
போன வருடத்து பேட்டரிகள் டார்ச்சுக்குள்ளேயே கசிந்து
பச்சையாய் உப்புப் பூத்துக் கிடந்தன.
தட்டிப் பார்த்தோம், துடைத்துப் பார்த்தோம்,
தூக்கிப் போட்டோம்.

கடையில் ஊரே இருந்தது.
யாரும் பயந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.
பிறந்தநாள் விருந்துக்கு வாங்குகிறவர்கள் மாதிரி
தண்ணீர்க் கேன்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.
தலைக்கு நாளொன்றுக்கு ஒரு காலன்.
மூன்று தலை, ஏழு நாள்.
"இருபத்தொண்ணு" என்றாள் ஜூனி.
"நான் பல்லு வெளக்கலேன்னா இருபது."

பீன்ஸ் பன்னிரண்டு டின், டூனா ஒன்பது, பீச் பழம் ஆறு,
வேர்க்கடலை வெண்ணெய் ஒரு பெரிய ஜாடி,
ப்ளீச், தார்ப்பாய்,
டெல்மரின் பிரஷர் மாத்திரை முப்பது நாளுக்கு.
அதற்கு மேல் தர மாட்டார்களாம்.
புயல் முப்பத்தொன்றாம் நாள் வந்தால் என்றேன்.
மருந்துக்கடைப் பெண் சிரிக்கவில்லை.

டின் திறப்பானை மறந்துவிட்டு
இன்னொரு முறை பதினோரு மைல்.

பரண் வாசலில் கோடரியைச் சாய்த்து வைத்தான்.
எதற்கென்று ஜூனியிடம் சொல்லவில்லை.
அவள் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான்,
கூரையைப் பிளந்து வெளியே எடுக்கப்பட்டவன்.
அவளுக்குத் தெரியும்.

பத்திரங்களை ஜிப் பையில் போட்டு
காற்றைப் பிதுக்கி எடுத்தேன்.
வீட்டுப் பத்திரம், ஜூனியின் பிறப்புச் சான்று,
படகின் கடன் பத்திரம்.
வெள்ளம் அடித்துப் போகாதபடி
கடனையும் பத்திரப்படுத்தினோம்.

பிறகு ஜூலை.
இறாலுக்கு அவர்கள் தந்த விலையில்
படகைக் கட்டவிழ்ப்பதே நஷ்டம்.
நண்டு பிரிக்கும் கொட்டகையில்
வாரம் இரண்டு நாள் வா என்றார்கள்.
பிறகு, நாங்களே கூப்பிடுகிறோம் என்றார்கள்.
அலபாமாவின் இந்தக் கடைசி ஓரத்தில்
வானம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது,
நாள் கணக்காக.

முதலில் போனது பீச்.
ஒரு செவ்வாய்க்கிழமை, இரவு எட்டு மணி இருக்கும்.
"அப்புறம் வாங்கி வெச்சுடலாம்" என்றான் டெல்மர்,
பட்டியலில் பென்சிலால் அடித்தபடி.
பென்சில்தான். அழித்துவிடலாம் அல்லவா.

பீன்ஸ் போனது. டூனா போனது.
ஜாடியின் அடியைக் கரண்டி சுரண்டும் சத்தம்
மூன்று நாள் கேட்டது.
பக்கத்து வீட்டு துயெட் ஒரு மாலை
பாதி மூட்டை அரிசியோடு படியேறி வந்தாள்.
"எங்க பெட்டியையும் திறந்தாச்சு.
அரிசி மட்டும் நெறைய இருக்கு, உங்ககிட்ட என்ன இருக்கு?"
தண்ணீர், என்றேன்.
இருவரும் குழாயைப் பார்த்துச் சிரித்தோம்.
அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எங்கள் வீட்டுக்குள் வந்ததற்குப்
பெயர் வைக்க எந்தக் குழுவும் கூடவில்லை.
அதன் கண்ணுக்குள் நுழைந்து வேகம் அளக்க
எந்த விமானமும் பறக்கவில்லை.
வரைபடத்தில் அது இல்லை.

பெயர் வைத்தது செப்டம்பரில் வந்தது.
எங்கள் தெருவில் யாருக்கும் இல்லாத பெயர்.
டிவியில் வெள்ளைக் கூம்பு விரிந்து விரிந்து
எங்கள் கொடிக்கம்பம் வரை மூடியது.
பெட்டியைத் திறந்தோம்.
ப்ளீச். தார்ப்பாய். டின் திறப்பான்.
கடை அலமாரிகளில் விலைச்சீட்டுகள் மட்டும்.
டெல்மர் ஒன்றும் பேசாமல் ஜன்னல்களுக்குப்
பலகை அடித்தான், ஒரே ஆணியை இரண்டு முறை நிமிர்த்தி.

ராத்திரி அது மேற்கே திரும்பிவிட்டது.
வேறு யார் வீட்டுக்கோ.
அப்பாடா என்றுதான் முதலில் சொன்னேன்.
அப்புறம் சமையலறைக்குப் போய்
கொஞ்ச நேரம் நின்றேன்.

அக்டோபர் முதல் வாரம் கொட்டகையில் கூப்பிட்டார்கள்.
வெள்ளிக்கிழமை கூலி.
ஜூனி பழைய பட்டியலை எடுத்து
அடித்த வரிகளுக்குக் கீழே எழுதினாள்:
பீச், ஆறு.
என் முகத்தைப் பார்த்தாள்.
ஆறை அழித்து
இரண்டு என்று எழுதினாள்.