காது தெரியணும்

செக்காலை ரோட்டில், செல்போன் கடைக்கு மேலே
ஜெனோவாவின் பார்லர்.
என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து
தர்பூசணி பார்ப்பவள்போல் திருப்பினாள்.
"சதுரம்" என்றாள்.
நோய்க்குப் பெயர் சொன்ன மாதிரி இருந்தது.

நெற்றியும் தாடையும் ஒரே அகலம்.
முன்முடியை நேராக வெட்டினால்
சதுரத்துக்கு மேலே இன்னொரு கோடு, வேண்டாம்.
தாடையோடு நிற்கிற பாப், வேண்டவே வேண்டாம்.
வகிடு கொஞ்சம் இடப்பக்கம் நகரட்டும்,
உச்சியில் சற்றே உயரம்,
தாடைக்குக் கீழே இரண்டு விரல் தள்ளி
அடுக்கடுக்காக இறங்கட்டும்.

நான் தரையைப் பார்த்தேன்.
ஆத்தங்குடிக் கல். நாலு மூலையும் கத்தி.
உள்ளே ஒரு பூ, வளைந்து வளைந்து,
மூலைகளைப் பற்றிக் கவலையே இல்லாமல்.
காட்டினேன். "அதேதான் அக்கா" என்று
கத்தரியை எடுத்தாள்.

பதினொரு வயதில் ஒரு மாமா
"பொட்டிமூஞ்சி" என்று கூப்பிட்டது
கழுத்துத் துண்டில் துணுக்குத் துணுக்காக விழுந்தது.
எழுந்தபோது கண்ணாடியில்
மயிரிழைக்குப் பின்னால் நின்று சிரிக்கிற யாரோ ஒருத்தி.
முந்நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசவில்லை.

நேரே ஸ்டூடியோ, பாஸ்போர்ட் படத்துக்கு.
வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்காரவைத்து
அந்தப் பையன் சொன்னான்:
"மேடம், முடியைக் காதுக்குப் பின்னால தள்ளுங்க.
காது தெரியணும். சிரிக்காதீங்க."

தள்ளினேன்.
அடுக்குகள் எல்லாம் பின்னால் போய் நின்றன.
தாடை வந்து முன்வரிசையில் உட்கார்ந்தது,
பந்திக்கு முதலில் வந்த சம்பந்தி மாதிரி.

ஒரே அளவில் எட்டுப் படங்கள்.
சட்டத்துக்குள் என் முகம்
ஒரு ஓரம்கூட வீணாகாமல்.

படி இறங்கும்போது
ஒரு பக்கத்து முடியை மட்டும்
முன்னால் இழுத்துவிட்டேன்.