இரண்டு அங்கம்மை

ஹட்டனில் டயர்க் கடைக்கு மேலே
ஆராய்ச்சிக்கென்று எடுத்த அறை.
கரையான் தின்றது போக மிஞ்சிய
செக்ரோல் புத்தகங்கள் பதினேழு.
ஆட்களை உள்ளே போடுவது என் வேலை,
பிறகு ஆளுக்கும் ஆளுக்கும் கோடு இழுப்பது.

கோட்டுக்கு இரண்டு முனை வேண்டும்,
இரண்டு முனைக்கும் பெயர் வேண்டும்.
இந்தப் பக்கமிருந்து பார்த்தால் தாய்,
அந்தப் பக்கமிருந்து பார்த்தால் பிள்ளை.
ஒருமுறை போட்டால் போதும்,
திரும்பும் வழியை அதுவே போட்டுக்கொள்ளும்.
(கடன் கொடுத்தவர் என்று ஒன்று போட்டேன்.
மறுமுனையில் பாதித் தோட்டம் நின்றது.)

புதன்கிழமை மத்தியானம்
அங்கம்மை ஒன்று, அங்கம்மா ஒன்று.
ஒரே கீழ்ப்பிரிவு, ஒரே எட்டாம் லயம்.
நம்பர் இருந்த ஓரத்தை எலி கொறித்திருந்தது.
கிளாக்கர் அவசரத்தில் எழுதியிருப்பார் என்று
இரண்டையும் ஒன்றாக்கச் சொன்னேன்.
உறுதியா என்று கேட்டது.
உறுதி என்றேன். பசி வேறு.

வியாழன் காலை பார்த்தால்
என் அங்கம்மை
ஐம்பத்தொன்று மார்ச் ஒன்பதில் செத்து
ஏப்ரல் நான்கில் கொழுந்தெடுத்து
அரைப்பேர் வாங்கியிருக்கிறாள்.

"செத்தும் அரைப்பேர்தானா?" என்றார்
கீழே டயர் கழற்றிக்கொண்டிருந்த நவ்சாத் நானா.

சேர்ப்பதற்குப் பொத்தான் உண்டு,
பிரிப்பதற்கு இல்லை.
அவளிடமிருந்து கிளம்பிய பதினொரு கோட்டையும்
ஒவ்வொன்றாக அறுத்தேன்.
பிரசவ ரிஜிஸ்டரோடு உட்கார்ந்தேன்,
எது யாருடையது என்று.
புருஷன்மார் சுலபம்: சடையன், வீரபத்திரன்.
கம்பளிக் கடன் மூன்றும் பிரிந்துவிட்டது.
பிள்ளைகள் ஆறில் ஐந்து
தேதி பார்த்துத் தேதி பார்த்து
வீடு போய்ச் சேர்ந்தன.

ஆறாவது ரெங்காய்.
எடை எழுதவில்லை.
அப்பன் பெயரில் தண்ணீர் பட்டிருக்கிறது.
பிறந்தது மார்ச் ஆறு.

மூன்று நாள் கழித்து ஒருத்தி இல்லை.
மற்றவளுக்கு ஏப்ரல் முழுக்க அரைப்பேர்,
மே முழுக்க அரைப்பேர்.
மத்தியானத்தோடு மலையிறங்கியிருக்கிறாள்.
பால் கொடுக்கவா?
தன் பிள்ளைக்கா?
புத்தகத்தில் அதற்கு வரிசை இல்லை.

பேராதனையிலிருந்து இமல்கா மிஸ் போனில்:
"பிள்ளைக்குத் தாய் ஒருத்திதான், விதி அப்படி."
விதியை யார் எழுதினது என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"நாங்கதான். போன ஜூலையில."

விதிப் பக்கத்தைத் திறந்தேன்.
ஆகக் கூடியது 1 என்றிருந்த இடத்தில்
2 அடித்தேன்.
ரெங்காயிலிருந்து மேலே இரண்டு கோடு.
எது பெற்றது, எது எடுத்தது
என்று கேட்ட கட்டத்தை
வெறுமையாக விட அனுமதித்தேன்.
ஒரு கோடு மார்ச் ஒன்பதில் முடிகிறது.
மற்றதற்கு முடிவுத் தேதி தெரியாது.

ஜன்னல் வழியே மூட்டம் ஏறிவந்தது,
கரண்ட் இரண்டு தரம் கண் சிமிட்டியது.
சேமித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இன்னும் பதினாறு புத்தகம்.
அவற்றிலும் அங்கம்மைகள் இருப்பார்கள்.
இனி
சாப்பிடாமல் யாரையும் ஒன்றாக்குவதில்லை.